ஏரி எங்கே போயிற்று? விண்ணில் இருந்து ஊரைப் பார்க்கும் படிப்பு

கல்லூரி மாணவன் ஒருவன் ஏரியைத் தேடுகிறான். கரையில் நின்றுகொண்டு அல்ல. தாம்பரத்தில், ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு!

அவன் எதிரே இருப்பது செயற்கைக் கோள் எடுத்த படம். "இந்தப் படத்தில் தண்ணீர் கருப்பாகத் தெரியும். பச்சைத் தழை சிவப்பாகத் தெரியும்" என்று ஆசிரியர் சொல்லி இருக்கிறார். ஏரி இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறான். கருப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி எல்லாம் செக்கச் செவேல் என்று கிடக்கிறது.

"இது வயல்" என்று எழுதி வைத்து விடுகிறான்.

நேரில் போய்ப் பார்த்தால், அது வயல் அல்ல. ஏரியேதான்! தண்ணீரை ஆகாயத் தாமரை மூடிக்கொண்டு இருக்கிறது. மேலே இருந்து பார்த்த கண்ணுக்கு இலைதான் தெரிந்தது. இலைக்குக் கீழே இருந்த தண்ணீர் தெரியவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தப் படிப்பில் சேரும் யாரும் செய்யக்கூடிய தவறு இது. சின்னத் தவறு என்று தள்ளிவிட முடியாது. இந்த மாணவன் நாளைக்குச் சர்வே இலாகாவுக்கோ நகரமைப்பு இலாகாவுக்கோ வேலைக்குப் போகலாம். அவன் "வயல்" என்று எழுதினால், வயல் ஒரு நாள் மனை ஆகும். மனையில் வீடு எழும்பும். அடுத்த பெருமழையில், ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வரும்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

தொடாமல் அறிவது

இந்தக் கலைக்கு "ரிமோட் சென்சிங்" என்று பெயர். தமிழில் தொலையுணர்வு என்கிறார்கள். ஒரு பொருளைத் தொடாமல், தூரத்தில் இருந்தே அதைப் பற்றி அறிந்துகொள்வது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் இருந்து திரும்பிய பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே, "என்னடா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று தாய் கேட்கிறாள். அவள் பிள்ளையைத் தொடவில்லை. முகத்தின் நிறம் அவளுக்குச் சொல்லிவிட்டது. செயற்கைக் கோளும் அப்படித்தான். பூமியின் நிறத்தைப் பார்த்து உடம்பு எப்படி என்று சொல்கிறது.

ஆனால் அதற்கு நம்மைவிடக் கூடுதலாகச் சில நிறங்கள் தெரியும். 1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி, சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தில் பாய்ச்சி வானவில் நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சூட்டை அளந்தார். சிவப்பு நிறத்தைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்தபோதும் தெர்மாமீட்டர் ஏறியது! கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று அங்கே இருந்தது. அதுதான் அகச்சிவப்பு ஒளி.

நல்ல பச்சை இலை இந்த ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கிறது. தண்ணீர் அதை விழுங்கி விடுகிறது. காய்ந்த இலை திருப்பி அடிப்பது குறைவு. இந்த ஒளியை நம் கண் பார்க்க முடியாது என்பதால், படம் தயாரிப்பவர்கள் அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறார்கள். அதனால்தான் படத்தில் தோப்பும் துரவும் சிவப்பு; ஏரி கருப்பு; கட்டிடங்கள் நெருங்கிய ஊர் சாம்பல் கலந்த நீலம்.

தாம்பரத்தை இப்படிப் பார்த்தால், சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு சிவப்புத் திட்டு பளிச்சென்று தெரியும். அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் காடு. 1937-ல் இந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. ரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் என்பவர் பாடுபட்டு அங்கே மரங்களை வளர்த்தார். அவர் வளர்த்த நிழல் இன்று விண்ணில் இருந்தும் தெரிகிறது.

பரங்கிமலையில் 57 நாள்

செயற்கைக் கோள் வந்தது நேற்று. நிலத்தை அளக்கும் படிப்பு சென்னைக்கு வந்தது அதற்கு வெகு காலம் முன்பு.

1794-ல் மைக்கேல் டாப்பிங் என்ற வெள்ளைக்காரர் கோட்டைப் பக்கத்தில் ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். முதலில் சேர்ந்த மாணவர்கள் 8 பேர். அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்து என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. 1920-ல் கிண்டிக்கு வந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக் கழகத்தோடு சேர்ந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கி 8 ஆண்டு கழித்து, 1802 ஏப்ரல் 10-ந் தேதி, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டினார். அங்கே இருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை, ஏறக்குறைய ஏழரை மைல் தூரத்தை நேர்கோட்டில் அளப்பது அவர் வேலை. சுமார் 400 தடவை சங்கிலியை எடுத்து எடுத்து வைக்க வேண்டி இருந்தது. சித்திரை வெயிலில் எஃகு நீளுமே! நீண்டால் கணக்குத் தப்புமே! அதற்காகச் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்திலேயே தெர்மாமீட்டரை வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டே போனார்கள். ஏழரை மைலை அளக்க 57 நாள் ஆயிற்று.

அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்தார்கள். இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டதும் அதன் தொடர்ச்சிதான். இன்றைக்குப் பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் போக பஸ் இருக்கிறது. போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தென்னை மரம் சொன்ன சேதி

மேலே இருந்து பார்க்கும் படிப்பு இந்தியாவுக்கு வந்த கதைக்கு இனி வருவோம்.

1957-ல் பிரதமர் நேரு ஹாலந்துக்குப் போனார். விமானத்தில் இருந்து எடுத்த படங்களை ஆராயக் கற்றுக் கொடுக்கும் நிலையம் ஒன்றை அங்கே நடத்தி வந்தார்கள். அதைப்போல் நம் நாட்டிலும் வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. 1966-ல் டேராடூனில் அத்தகைய நிலையம் திறக்கப்பட்டது. அதுதான் பிற்பாடு, 1983-ல், இந்தியத் தொலையுணர்வு நிலையம் என்று பெயர் மாறியது.

அதற்கு இடையில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தில் தென்னைக்கு வேர் வாடல் நோய் வந்து விவசாயிகள் தவித்தார்கள். 1970-ல் பிஷாரடி என்ற விஞ்ஞானியின் குழுவினர், ஒரு ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு பிலிம் போட்ட காமிராவால் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்தார்கள். நல்ல மரமும் நோய் கண்ட மரமும் படத்தில் வெவ்வேறு நிறம் காட்டின. தோப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னும் தெரியாத நோயும் படத்தில் தெரிந்தது!

பிஷாரடி கொல்லங்கோட்டில் 1909-ல் பிறந்தவர். அவரை "இந்தியத் தொலையுணர்வின் தந்தை" என்கிறார்கள். நம் நாட்டில் இந்தக் கலை ராக்கெட்டில் தொடங்கவில்லை. ஒரு தென்னை மரத்தில் தொடங்கியது.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1972-ல் அமெரிக்கா முதல் லாண்ட்சாட் செயற்கைக் கோளை அனுப்பியது. 1979-ல் இந்தியாவின் பாஸ்கரா பறந்தது. 1982-ல் அண்ணா பல்கலைக் கழகம் கிண்டியில் தொலையுணர்வுக்கு என்றே ஒரு மையம் தொடங்கியது. சங்கிலி பிடிக்கக் கற்றுக் கொடுத்த அதே கல்வி நிலையம், விண்ணில் இருந்து அளக்கவும் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக் கழகமும் இதற்குத் தனி மையம் வைத்தது. 1988 மார்ச் 17-ந் தேதி இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ மேலே போனது. 904 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 22 நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தைப் படம் பிடித்தது.

ஒரு புள்ளி, 23 கிரவுண்டு

அந்தப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தது? தாம்பரத்தில் மனை வாங்கியவர்களுக்குப் புரியும்படி கணக்குப் போடலாம்.

செயற்கைக் கோள் படம் என்பது புள்ளிகளால் ஆனது. ஐ.ஆர்.எஸ்.-1ஏ-யின் ஒரு காமிராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 72 அரை மீட்டர் நீளம், 72 அரை மீட்டர் அகலம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால், ஒரு புள்ளிக்குள் 23 கிரவுண்டுக்கு மேல் அடங்கும்! ஒரு சின்னத் தெருவே ஒரு புள்ளி. அதே கோளின் இன்னொரு காமிராவில் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 6 கிரவுண்டு.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக் கோள்களின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர்தான். அதாவது அரை கிரவுண்டுக்கும் குறைவு. 2019-ல் இந்தியா அனுப்பிய கார்ட்டோசாட்-3, தெருவில் நிற்கும் காரைக்கூடக் காட்டும்.

விலையும் இறங்கியது. 2008-க்கு முன்னால் ஒரு லாண்ட்சாட் படம் சுமார் 600 டாலர். எந்தக் கல்லூரி வாங்கும்? ஒரே படத்தைப் பிரதி எடுத்து வருஷக் கணக்கில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டியதுதான். 2008-ல் அமெரிக்கா அந்தப் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டது. 2009-ல் இந்திய விண்வெளி நிறுவனம் "புவன்" என்ற பெயரில் இந்தியாவின் படங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தது. படத்தை ஆராய்வதற்கான கம்ப்யூட்டர் புரோகிராமும் காசு இல்லாமல் கிடைக்கிறது.

ஆக, பணம் இல்லை என்ற சாக்குப் போய்விட்டது.

யாருக்குப் பாடம்? யாருக்கு இல்லை?

அப்படி இருந்தும் இந்தப் பாடம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

என்ஜினீயரிங் படிப்பவர்களுக்கு உண்டு. கிண்டியில் இதிலேயே எம்.இ. பட்டம் வாங்கலாம். பூகோளம், நிலவியல் படிப்பவர்களுக்கும் பாடத் திட்டத்தில் இடம் கிடைத்து விட்டது. "பூகோளம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கேள்விக்கு இந்தப் பாடம் ஓரளவு பதில் சொல்லி இருக்கிறது.

பௌதிகமும் தாவர இயலும் கணிதமும் படிக்கும் சாதாரண பி.எஸ்ஸி. மாணவர்கள்? அவர்களில் பெரும்பாலோருக்கு இது எட்டாத பழம். இத்தனைக்கும், இதில் இருப்பது எல்லாம் அவர்களுடைய பாடம்தான்! அகச்சிவப்பு ஒளி பௌதிகம். இலை அதை ஏன் திருப்பி அடிக்கிறது என்பது தாவர இயல். புள்ளிகளை வகை பிரிப்பது கணிதம். மூன்று வகுப்பிலும் தனித்தனியாக மூன்று துண்டைப் படித்துவிட்டு, அவை சேர்ந்தால் தங்கள் ஊர் ஏரி தெரியும் என்பது தெரியாமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

முக்கியமான குறை ஆசிரியர்தான். பாடத் திட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். அதை நடத்துகிறவர் முன்பின் ஒரு படத்தைக்கூட ஆராய்ந்து பார்க்காதவராக இருந்தால், புத்தகத்தைப் பார்த்து நோட்ஸ் சொல்வார். மாணவன் மனப்பாடம் செய்வான். பரீட்சையில் ஐந்து மார்க் வாங்குவான். அதோடு சரி.

இதற்கு டேராடூன் நிலையம் இரண்டு வழி கண்டது. கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வாரப் பயிற்சி கொடுத்தது. 2007-ல் 12 பல்கலைக் கழகங்களுடன் தூரப் பாடம் ஒன்றை ஆரம்பித்தது. பாடம் சொல்கிறவர் டேராடூனில் இருப்பார். கேட்கிறவர் தம் ஊரிலேயே கேட்கலாம். இப்போது ஆயிரக் கணக்கான கல்வி நிலையங்கள் இதில் சேர்ந்து இருக்கின்றன. தாம்பரத்தில் ஒரு மாணவிக்கு ஆசை இருந்தால், ரெயில் ஏறாமலே இதைக் கேட்கலாம்.

படித்தால் வேலை கிடைக்குமா? பெற்றோரின் முதல் கேள்வி அதுதான். கேட்பதில் தவறு இல்லை. வனத் துறை, நிலத்தடி நீர்த் துறை, வேளாண்மைத் துறை, தேசப்படம் தயாரிக்கும் கம்பெனிகள், எல்லாவற்றிலும் இந்தப் படங்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பேப்பர் படித்தவனைக் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. தன் பாடத்தில் ஆழமும் வேண்டும், இதில் பழக்கமும் வேண்டும்.

மேகத்துக்கு மேலே நின்ற கண்

2015 டிசம்பர் மாதம் முதல் தேதி பிடித்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை! அடையாற்றில் வெள்ளம் புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. மாடியில் நின்றவர்கள் கீழ்வீட்டுச் சாமான்கள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நாளில் சாதாரணச் செயற்கைக் கோள் காமிராவால் என்ன பயன்? அதற்கு மேகம்தான் தெரியும். இதற்கு என்றே ரேடார் செயற்கைக் கோள்கள் இருக்கின்றன. 2012-ல் இந்தியா அனுப்பிய ரிசாட்-1 அப்படிப்பட்டது. ரேடார், சூரிய வெளிச்சத்துக்குக் காத்திருப்பது இல்லை. கையில் டார்ச் லைட்டுடன் போகிறவனைப் போலத் தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறது. அந்த அலையை மேகம் தடுக்காது. இரவும் தடுக்காது. தேங்கிய தண்ணீர் வழவழப்பாக இருப்பதால், அலை அதில் பட்டு வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். திரும்பி வராத இடம் படத்தில் கருப்பாக விழும். அது வெள்ளம்.

வயல் வெளியில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வீடுகள் நெருங்கிய தெருவில்தான் திண்டாட்டம். தண்ணீரில் பட்ட அலை சுவரில் மோதித் திரும்பி வந்து விடுகிறது. இடுப்பளவு தண்ணீர் நிற்கும் தெரு, படத்தில் வெளிச்சமாகத் தெரிந்து ஏமாற்றும்!

இங்கேதான் அந்த ஆகாயத் தாமரை ஏரியின் நினைவு வருகிறது. மேலே இருந்து பார்ப்பது பாதிப் படிப்புதான். கீழே இறங்கிப் பார்ப்பது மீதிப் பாதி. விஞ்ஞானிகள் இதைக் களச் சரிபார்ப்பு என்கிறார்கள். இது இல்லாத தொலையுணர்வுப் பாடம், நீரில் இறங்காமல் நீச்சல் கற்றுக் கொடுப்பது போல.

ஏரி வழியே ஒரு நடை

களச் சரிபார்ப்புக்குத் தென்சென்னையைவிட நல்ல இடம் கிடைக்காது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம் ஏரிக்குப் போக வேண்டும். அங்கே இருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு ஏரிக்கு இன்னொரு ஏரி கை கொடுக்கும்படி முன்னோர் அமைத்தது. பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் பரப்பை 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புப் பெற்ற ஈர நிலமாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் இந்தச் சதுப்பு நிலம் இதைப்போல் பல மடங்கு பரந்து கிடந்தது. இன்று அதன் ஓரத்திலே குப்பை மேடு, அடுக்கு வீடுகள், அகன்ற ரோடு.

1970-களில் எடுத்த லாண்ட்சாட் படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுதத் தெரியாத பாட்டிகூட வித்தியாசம் சொல்லி விடுவாள். கருப்பும் சிவப்பும் சுருங்கி, சாம்பல் பரவி இருக்கும்.

ஆனால் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடிய கால்வாய் எங்கே என்று அந்தப் படத்தைக் கேட்டால் பதில் வராது. கால்வாயின் அகலம் அந்தப் பழைய படத்தின் ஒரு புள்ளியைவிட மிகச் சிறியது. அதற்குப் பழைய சர்வே படம் வேண்டும். அல்லது அந்தத் தெருவில் ஐம்பது வருஷம் குடியிருந்தவர்கள் வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பாடமாக்க லட்ச ரூபாய் ஆய்வுக்கூடம் தேவை இல்லை. இருபது மாணவர்கள், ஒரு கம்ப்யூட்டர், இலவசப் படம் இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டேப்பு. திங்கட்கிழமை படத்தில் சந்தேகமான இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை அந்த இடங்களுக்கு நடந்து போய், தண்ணீரா, தழையா, கட்டாந்தரையா என்று எழுத வேண்டும். எழுதியதைக் கொண்டுபோய்ப் படத்தோடு ஒத்துப் பார்த்தால், நூற்றுக்கு எத்தனை சரி என்று தெரிந்துவிடும். அந்தச் சதவீதம்தான் மார்க்!

வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதையும் இப்படியே குறிக்கலாம். தண்ணீர் எதுவரை பரவியது என்று செயற்கைக் கோள் சொல்லும். வீட்டுக்குள் எத்தனை அடி நின்றது என்று சொல்லாது. அதற்கு முடிச்சூரில் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். சுவருக்கு வெள்ளை அடித்துப் பல வருஷம் ஆகி இருக்கலாம். ஆனாலும் வீட்டு அம்மாள் யோசிக்காமல் கையை நீட்டி, "இதோ, இந்த ஸ்விட்ச்சுக்கு மேலே ஒரு சாண்" என்று காட்டுவாள். மாணவி டேப்பைத் தரையில் ஊன்றி, அந்தக் கை இருக்கும் இடம்வரை இழுத்து, அளவை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.